கிலோவுக்கு 22 ரூபாய்: மின்னணுக் கழிவு வழக்கின் பின்னணி

வீட்டு மின்சாதனங்களை மறுசுழற்சி செய்ய, அவற்றை விற்ற நிறுவனம் மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும்; ஸ்மார்ட்போன் என்றால் 34 ரூபாய். மத்திய அரசு 2024-ல் இப்படி ஒரு குறைந்தபட்ச விலையை வகுத்தது. டைக்கின், ஹிட்டாச்சி, சாம்சங், எல்ஜி என்று பெரிய நிறுவனங்கள் அதை எதிர்த்து வரிசையாக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

செய்தியைப் படித்த பலருக்கு முதலில் எழுவது ஒரே சந்தேகம்தான். என் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார். அதற்கு நிறுவனம் ஏன் யாருக்கோ பணம் தர வேண்டும்? இதற்குப் பதில் தெரிய, அந்த ஃபிரிட்ஜ் வீட்டு வாசலைத் தாண்டியதும் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எதெல்லாம் மின்னணுக் கழிவு?

மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடி, இனி வேண்டாம் என்று ஒதுக்கப்படும் எந்தப் பொருளும் மின்னணுக் கழிவுதான். கைபேசி, கணினி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மிக்சி, மின்விசிறி, டியூப்லைட், பொம்மைக் கார், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கூரையில் இருக்கும் சூரியத் தகடு எல்லாமே இதில் சேரும். இந்தியாவில் முன்பு 21 வகைப் பொருட்கள்தான் சட்டத்தின் பட்டியலில் இருந்தன. 2022 விதிகள் அதை 106 ஆக்கின.

ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலகக் கணக்கின்படி, 2022-ல் உலகம் முழுவதும் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருக்கிறது, சுமார் 41 லட்சம் டன்னுடன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-22-க்குச் சொன்ன எண் சுமார் 16 லட்சம் டன். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம், வாரியம் அப்போது அந்த 21 வகைப் பொருட்களின் விற்பனையை வைத்து மட்டும் கணக்கிட்டது. ஐ.நா. கணக்கு எல்லாச் சாதனங்களையும் சேர்க்கிறது. ஆகவே, “மூன்றில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆகிவிட்டது” என்று அரசுத் தரப்பில் எண் வரும்போது, எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குப்பைக்கு விலை இருக்கும் நாடு

சுவிட்சர்லாந்தில் ஒரு டிவி வாங்கினால், அதைப் பின்னாளில் மறுசுழற்சி செய்வதற்கான கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும். டிவி பழையதானால் கடையில் கொண்டுபோய் விடலாம். கடைக்காரர் மறுக்க முடியாது. அங்கே பழைய சாதனம் என்பது செலவு. அதை ஒழிக்க யாராவது காசு கொடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் அது வரவு. “பழைய இரும்பு, பழைய பேப்பர்” என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருபவர் எடை போட்டுப் பணம் தருகிறார். வாசலுக்கே வருகிறார், ரசீது கேட்பதில்லை, கையில் காசு வைக்கிறார். உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலையோ ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கிறது. அது இவரோடு போட்டி போட்டுப் பொருளை வாங்க வேண்டும். போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

காயலான் கடைக்காரரைத் திருடரைப்போலச் சித்திரிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அது நியாயமே இல்லை. இந்த நாட்டில் பொருட்களைச் சேகரிக்கும் வேலையை மிகத் திறமையாகச் செய்பவர்கள் அவர்கள்தான். எந்த அரசுத் திட்டமும் அவர்களைப்போல ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. சிக்கல் அவர்களுக்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது.

கடையிலிருந்து அப்புறம் எங்கே?

கடையில் சாதனம் பிரிக்கப்படுகிறது. இரும்பு தனி, செம்பு தனி, அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி, சர்க்யூட் போர்டு தனி. சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் போதும். இதுவரை பெரிய ஆபத்து இல்லை, சில விதிவிலக்குகளைத் தவிர.

ஃபிரிட்ஜும் ஏசியும் முதல் விதிவிலக்கு. கம்ப்ரஸரையும் செம்புக் குழாயையும் எடுக்க, குழாயை அப்படியே வெட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு காற்றில் போய்விடுகிறது. ஃபிரிட்ஜ்களில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட ஆர்-134ஏ என்ற வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல 1,400 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. முறையான ஆலையில் வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைத்த பிறகுதான் குழாயில் கை வைப்பார்கள்.

சர்க்யூட் போர்டுகளின் பயணம் நீளமானது. நாடெங்கும் சேரும் போர்டுகளில் பெரும்பகுதி டெல்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களுக்குப் போகிறது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்போன மொராதாபாத்தில், ராம்கங்கா ஆற்றங்கரையிலேயே போர்டுகளை எரித்துச் சாம்பலைக் கழுவிச் செம்பு எடுத்தார்கள். வேலை நடக்கும் முறை இதுதான்:

1. போர்டை அடுப்பின் மேல் காட்டிச் சூடாக்குகிறார்கள். ஈயம் கலந்த பற்றாசு உருகி, சிப்புகள் கழன்று வருகின்றன. ஈயப் புகை அங்கேயே நிற்கிறது.
2. தங்க முலாம் பூசிய முனைகளை நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகத்தில் போடுகிறார்கள். தங்கம் கரைந்து, பிறகு பிரிக்கப்படுகிறது. மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகிறது.
3. செம்புக்காக வயரை எரிக்கிறார்கள். மேலுறை பிவிசி பிளாஸ்டிக் என்பதால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகிறது.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் பாதுகாப்பானது என்று ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வீடும் பட்டறையும் ஒரே அறையாக இருக்கும் இடங்களில் இந்த வேலை நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு ஆபத்தில் ஏன் இறங்குகிறார்கள்? தங்கம்தான். 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்க வயலில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் இறங்கி வெட்டிய இடம் அது, கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. பேட்டரி நீக்கிய ஒரு டன் பழைய கைபேசிகளில் சுமார் 300 கிராம் இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. டோக்கியோ ஒலிம்பிக்கின் சுமார் 5,000 பதக்கங்களுக்கான உலோகம் முழுவதையும் ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய சாதனங்களிலிருந்துதான் எடுத்தார்கள். 62 லட்சம் கைபேசிகளும் சேர்ந்த அந்தக் குவியலில் 32 கிலோ தங்கம் கிடைத்தது.

ராஜ திராவக முறையில் தங்கத்தின் ஒரு பகுதி வீணாகிறது. பல்லேடியம் போன்ற அரிய உலோகங்கள் பெரும்பாலும் போயே விடுகின்றன. ஒரே உருக்காலையில் பத்துப் பதினைந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வசதி பெல்ஜியத்திலும் ஜப்பானிலும் இருக்கிறது. இந்தியாவின் உரிமம் பெற்ற ஆலைகள் பலவும் நீண்ட காலமாகப் போர்டுகளைப் பொடித்து அங்கேதான் ஏற்றுமதி செய்துவந்தன. இந்த நிலையை மாற்றும் நோக்கத்தில், முக்கிய கனிமங்களை மறுசுழற்சியில் மீட்க 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது.

சட்டம் வந்த வழி

இந்தியாவின் முதல் மின்னணுக் கழிவு விதிகள் 2011-ல் வந்து, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளரே பொறுப்பு என்ற கருத்து அதில்தான் நுழைந்தது. பொருளை விற்று லாபம் பார்ப்பவர், அது குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் சாரம். கழிவை ஒழிக்கும் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், பிரிக்க எளிதான, விஷம் குறைந்த பொருளாக நிறுவனம் வடிவமைக்கும் என்பது நம்பிக்கை. 2011 விதிகளில் பொறுப்பு இருந்தது, இலக்கு இல்லை. எவ்வளவு சேகரிக்க வேண்டும் என்று எண் சொல்லாத பொறுப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2016 விதிகள் எண்ணைக் கொண்டுவந்தன. சேகரிப்பு மையம், பிரிப்பவர், நிறுவனங்களின் சார்பில் சேகரிக்கும் அமைப்பு என்று பல கண்ணிகளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தன. சாதனம் வாங்கும்போது ஒரு தொகையை முன்பணமாக வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது தந்துவிடும் முறையும் ஒரு வாய்ப்பாக அதில் இருந்தது. அது பரவலாக நடைமுறைக்கு வரவே இல்லை. இழப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காயலான் கடைக்காரர் தரும் காசோடு நேராகப் போட்டி போடக்கூடிய ஒரே வழி அதுதான்.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருப்பது 2022 விதிகள். இவை அமைப்பையே மாற்றிவிட்டன. இனி சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியவர்கள் நான்கு பேர்தான்: தயாரிப்பவர், தன் பெயரில் விற்கும் உற்பத்தியாளர், பழுதுபார்த்துப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். சேகரிப்பவரும் பிரிப்பவரும் பதிவிலிருந்து விலகிவிட்டார்கள். தெருவில் குரல் கொடுப்பவர் அதில் எப்போதுமே இருந்ததில்லை.

சான்றிதழ் சந்தை எப்படி வேலை செய்கிறது?

வழக்கின் மையம் இந்தப் பகுதிதான். படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சராசரி ஆயுள் வகுக்கப்பட்டிருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு 10 ஆண்டு என்றால், ஒரு நிறுவனம் 10 ஆண்டுக்கு முன் விற்ற ஃபிரிட்ஜ்களின் எடைதான் இந்த ஆண்டுக் கணக்கின் அடிப்படை.
2. அந்த எடையில் குறிப்பிட்ட சதவீதத்தை நிறுவனம் மறுசுழற்சி செய்ததாகக் காட்ட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70. 2027-28 முதல் 80.
3. நிறுவனம் தானே எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் போதும்.
4. மறுசுழற்சியாளருக்குச் சான்றிதழ் கிடைப்பது அவர் எத்தனை ஃபிரிட்ஜை உடைத்தார் என்பதை வைத்து இல்லை. கடைசியில் எவ்வளவு உலோகம் மீட்டார் என்பதை வைத்து. தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கில் தொடங்கினார்கள். மீட்ட எடையை ஒரு மாற்றுக் காரணியால், அதாவது ஒரு கிலோ உலோகம் எடுக்க எவ்வளவு கழிவு தேவை என்ற எண்ணால், பெருக்கினால் சான்றிதழின் அளவு வரும். அது இரண்டு ஆண்டுகள் செல்லும்.
5. இலக்கை எட்டாத நிறுவனம் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. ஓராண்டுக்குள் பாக்கியை முடித்தால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 30. அதன் பிறகு ஒன்றும் கிடைக்காது.

சான்றிதழ் ஒரு பண்டம்போல விற்கப்படுவதால் அதன் விலை முக்கியமாகிறது. நிறுவனங்கள் பெரியவை, பேரம் பேசும் பலம் உள்ளவை. விலை இறங்க இறங்க, ஒழுங்காகச் செலவு செய்து வேலை பார்க்கும் ஆலை நஷ்டப்படும். காகிதத்தில் மட்டும் உலோகம் மீட்பவர் எந்த விலைக்கும் விற்பார். இது வெறும் ஊகமாகத் தோன்றினால், இதே முறையில் ஓடும் பிளாஸ்டிக் கழிவுச் சான்றிதழ்களைப் பார்க்கலாம். அதில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை மத்திய வாரியமே 2023-ல் கண்டுபிடித்தது.

அதனால்தான் 2024-ல் விதியைத் திருத்தி, சான்றிதழ் விலைக்கு மேலும் கீழும் கோடு போட்டார்கள். உச்சவரம்பு இழப்பீட்டுத் தொகைக்குச் சமம், அடிவரம்பு அதில் 30 சதவீதம். 22 ரூபாய், 34 ரூபாய் என்பவை இந்த அடிவரம்புக் கணக்கில் வந்தவை.

நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

இரண்டு தனியார் தரப்புகளுக்கு இடையிலான விலையை அரசு நிர்ணயிக்க முடியாது, செலவு பல மடங்கு கூடுகிறது, முறைசாரா தொழிலைக் கட்டுப்படுத்த முடியாத அரசு அந்தச் சுமையை எங்கள்மேல் ஏற்றுகிறது. வாதங்களின் சுருக்கம் இது. அரசு சொல்வது, மறுசுழற்சித் தொழில் பிழைக்க ஒரு குறைந்தபட்ச விலை அவசியம், முறையான மறுசுழற்சி 2023-24-ல்கூட 43 சதவீதத்தைத்தான் எட்டியது என்று.

தொகையைச் சாதனக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோ ஃபிரிட்ஜ், 70 சதவீத இலக்கு என்றால் 28 கிலோவுக்கு 22 ரூபாய் வீதம் 616 ரூபாய். 200 கிராம் கைபேசிக்கு முழு எடைக்கும் சேர்த்தே 7 ரூபாய்கூட வராது. ஃபிரிட்ஜ், ஏசி விற்பவர்கள் வழக்கில் முன்னால் நிற்பதன் காரணம் இதில் தெரிகிறது. எடை கூடிய பொருளில்தான் சுமை. 20,000 ரூபாய்க்கு மேல் விற்கும் ஒரு ஃபிரிட்ஜில் 616 ரூபாய் தாங்க முடியாத தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நிறுவனங்களின் ஒரு வாதத்தில் உண்மை இருக்கிறது. இந்தப் பணம் மறுசுழற்சியாளரோடு நின்றுவிட்டால், காயலான் கடைக்காரர் போர்டை ஆலைக்குக் கொடுப்பாரா, கூடுதல் விலை தரும் அமிலப் பட்டறைக்குக் கொடுப்பாரா என்பதை அது மாற்றாது. பணம் கீழே இறங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, பயிற்சி தருவது, தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்குவது எல்லாம் மாநில அரசுகளின் வேலை என்று 2022 விதிகள் சொல்வதோடு சரி. அதற்கு இலக்கும் கிடையாது, செய்யாவிட்டால் இழப்பீடும் கிடையாது.

பழுதுபார்ப்புக்கு ஓர் இடம்

புதுப்பிப்பவருக்கும் சான்றிதழ் உண்டு. அதை வாங்கும் நிறுவனத்தின் கடமை, சாதனத்தின் நீட்டித்த ஆயுள் முடியும்வரை தள்ளிப்போகும். பிறகும் அந்த அளவில் 75 சதவீதம்தான் கணக்கில் சேரும். நல்ல ஏற்பாடு. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மேசையும் சால்டரிங் கம்பியும் வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்து போனைப் பிழைக்க வைப்பவர், இணையதளத்தில் பதிவு செய்து ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நிலையில் இல்லை. அவர் செய்யும் வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்கில் வராத விஷம்

உலோகத்தை அளந்து சான்றிதழ் தருவதால், உலோகம் வெளியே வர வழி பிறக்கிறது. விலை போகாத விஷத்துக்கு? தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு சுமார் 1.6 கோடி குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. டிவியே பார்த்திராத வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. எல்லாம் பிக்சர் டியூப் உள்ளவை. எக்ஸ்-கதிர் வெளியே வராமல் தடுக்க, அந்த டியூபின் புனல் வடிவப் பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்ஸைடு கலப்பார்கள். ஒரு சிறிய டியூபுக்குக் கால் கிலோ ஈயம் என்று குறைத்தே வைத்தாலும் மொத்தம் 4,000 டன் வருகிறது.

தட்டை டிவி வந்த பிறகு இவை கடைகளுக்குப் போயின. கடையில் டியூபின் கழுத்தை உடைத்து, செம்புச் சுருளைக் கழற்றி, போர்டை உருவி, பெட்டியைப் பிளாஸ்டிக் குவியலில் போடுகிறார்கள். கண்ணாடியை வாங்க ஆளில்லை. பழைய டியூபைக் கொண்டு புது டியூப் செய்த தொழிற்சாலைகள் டியூப் டிவியோடு சேர்ந்தே மறைந்துவிட்டன.

சட்டத்தின் கண்ணில் இது எப்படித் தெரிகிறது என்று பார்த்தால்:

1. 2009-ல் தரப்பட்ட டிவி, 2023-24-ல் தொடங்கும் இலக்குக் கணக்குக்குள் வரவில்லை. அதன் சராசரி ஆயுள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.
2. அதை இன்று மறுசுழற்சி செய்தால் செம்புக்கும் இரும்புக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக ஒப்படைத்ததற்குச் சான்றிதழில் ஒரு கிலோகூட ஏறாது.
3. அபாயகரமான கழிவு என்பதால் அதற்கென்று அமைத்த இடத்தில்தான் புதைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. லாரி வாடகையும் புதைக்கும் கட்டணமும் ஆலையின் கைச்செலவு.

கிலோவுக்கு 22 ரூபாய் என்ற தீர்மானம் நீதிமன்றத்தில் நின்றாலும், இந்த மூன்றாவது செலவை ஏற்கும் ஆலைக்கும் ஏற்காமல் ஏரிக்கரையில் கண்ணாடியைக் கொட்டிவிட்டுப் போகும் ஆலைக்கும் ஒரே சான்றிதழ்தான், ஒரே விலைதான். விஷப் பொருளை ஒப்படைத்த ரசீதைக் காட்டினால்தான் உலோகத்துக்கான சான்றிதழ் என்று ஒரு நிபந்தனை சேர்க்க, புதுச் சட்டம் தேவையில்லை. விதியில் ஒரு திருத்தம் போதும்.